ஏழாம் நாளுக்கு இரண்டாவது லாச்சி

மாத்தளையிலிருந்து அலுவிகாரைக்குப் போகும் வீதியில், எங்கள் முருகன் கோயில் வாசலில் எனக்கு ஒரு பூக்கடை. நான்கு கம்பு, மேலே ஒரு தகரம், அவ்வளவுதான். அந்தத் தகரத்துக்குக் கீழே இருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது கேட்டால், தெரியாதுதான். ஆனால் சிவநந்தினியைத் தெரியும். போன ஆடித் திருவிழாவில் நடந்த அநியாயத்துக்குக் கம்ப்யூட்டர்தான் காரணம் என்று மைக் பிடித்துச் சொன்னவரையும் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தால், சாமிக்கு விளக்கேற்ற எனக்குக் கை வராது.

சிவநந்தினிக்கு இருபத்தொன்பது வயது. அப்பா சோமசுந்தரம், தம்புள்ளைச் சந்தையிலிருந்து மாத்தளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவர். பள்ளிக்கூட லீவு நாட்களில் மகளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போவார். ஒரு நாள் அடியில் கிடந்த முட்டைக்கோவா மூட்டையை இறக்குவதற்காகக் கத்தரிக்காய் மூட்டை எல்லாவற்றையும் நடுவீதியில் இறக்கிவைத்து மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். எட்டு வயதுப் பிள்ளை கேட்டிருக்கிறது: “அப்பா, கடைசியா எறக்குறத மொதல்ல ஏத்தியிருக்கலாமே?” அன்றிலிருந்து அந்த லொறியில் மூட்டை ஏறும் வரிசையை அவள்தான் சொல்வாள். இதைச் சோமசுந்தரம் அண்ணன் என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

உயர்தரம் படித்து, கண்டிக்கு மூன்று வருஷம் பஸ்ஸில் போய்வந்து, புரோகிராம் எழுதப் படித்தாள். முதல் வேலைக்குப் போன இடத்தில், “பொம்பளப் புள்ளைங்க கல்யாணம் கட்டினா நின்னுருவீங்க, டைப் அடிக்கிற வேலை இருக்கு, செய்றீங்களா?” என்று கேட்டார்கள். டைப் அடித்தாள். பக்கத்து மேசைக்காரன் எழுதிய புரோகிராமில் பிழை பிடித்துக் கொடுத்தாள். பிழையைத் திருத்தியவன் அவன் என்று பாராட்டுக் கிடைத்தது. அதெல்லாம் விழுங்கிக்கொண்டு இருந்து, பிறகு வேறொரு கண்டிக் கம்பனியில் சேர்ந்து, இப்போது வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். எங்கள் தெருவில் இன்னும் சிலர் அவள் அம்மாவைப் பார்த்து, “பாவம், புள்ளைக்கு வேல கெடைக்கலையா, எந்நேரமும் வீட்டுலயே இருக்கு” என்று துக்கம் விசாரிக்கிறார்கள். அந்தம்மா சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை காலையில் என் கடைக்கு வந்து, கட்டி மிஞ்சிய துளசியை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவாள். வாய்க்குள்ளேயே யாருடனோ சண்டை பிடிப்பாள். யாரோடு என்று கேட்டால், “மெசினோட அக்கா. சொன்னத மட்டும் செய்யுது, நெனச்சத செய்ய மாட்டேங்குது” என்பாள்.

எங்கள் கோயில் வழக்கத்தையும் சொல்லவேண்டும். ஆடித் திருவிழா பத்து நாள். ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பமோ சங்கமோ ஏற்று நடத்தும். அதுதான் உபயம். உபயகாரர் வீட்டிலிருந்து விளக்கும் நைவேத்தியமும் வரும். பூசை முடிந்ததும் குருக்கள் ஐயா அவர்கள் பெயரை மூன்று தடவை சொல்லிக் கூப்பிடுவார். முன்னால் வந்து நின்றால் மாலை போட்டு, வெற்றிலையும் பழமும் விபூதியும் வைத்த காளாஞ்சித் தட்டைக் கையில் கொடுப்பார். வருஷம் முழுக்க யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஆட்களைக்கூட அன்றைக்கு அந்தச் சந்நிதியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

ஏழாம் நாள் மட்டும் இரண்டாகப் பிரிந்தது. காலைப் பூசை கடைவீதி வர்த்தகர்களுடையது. பின்னேரப் பூசை தங்கம்மா வீட்டாருடையது. தங்கம்மாவின் மாமனார் நகர சபையில் தெருக் கூட்டியவர். மலைத்தண்ணீர் பாய்ந்து கோயில் பின்சுவர் வெடித்த வருஷத்தில், அவரும் அவருடைய ஆட்களும் வேலை முடிந்து வந்து இரண்டு மாதம் கான் வெட்டினார்கள். இன்றைக்கும் மழைத்தண்ணீர் அந்தக் கானில்தான் போகிறது. அந்த வருஷம், அன்றிருந்த வர்த்தகர்களே தங்கள் நாளில் பாதியை அவர்களுக்குக் கொடுத்தார்கள். யாரும் கேட்டு வாங்கவில்லை. தங்கம்மாவும் நகர சபையில் தெருக் கூட்டி ஓய்வு பெற்றவர்தான். ஒவ்வொரு ஆடிக்கும் பத்து நாள் முந்தியே என்னிடம் வந்து, “செவ்வரளியில கட்டு புள்ள, மரிக்கொழுந்து நெருக்கமா வை” என்று சொல்லிவிட்டுப் போவார்.

போன வருஷம் அவர் கையில் திருவிழா நோட்டீஸோடு வந்தார்.

“இதுல எங்க பேரு எங்கன இருக்குன்னு காட்டு. கண்ணாடி போட்டும் தெரியல.”

வாங்கிப் பார்த்தேன். ஏழாம் நாளுக்கு நேரே, ‘உபயம்: கடைவீதி வர்த்தகர்கள் மற்றும் அடியார்கள்’ என்று இருந்தது. முன்பக்கம் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன். வேறு எங்கும் இல்லை.

“மற்றும் அடியார்கள்னு போட்டிருக்காங்க அம்மா.”

“அது யாரு?”

அவர் நோட்டீஸை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“எங்க மாமா பேரு சடையன். அவரு மகன் பேரு வேலு. என் பேரு தங்கம்மா. இதுல யாரு மற்றும்?”

இரண்டு பேரும் கோயில் அலுவலகத்துக்குப் போனோம். செயலாளர் சுதர்ஷன் இருந்தார். கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கோயில் கூரையை மாற்றியது அவர்தான். பழைய உபயக் கொப்பிகள் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்ததால், அந்த வருஷம்தான் கொழும்பிலிருந்து ஒரு புரோகிராம் எடுத்து வந்திருந்தார். எல்லாப் பெயரும் அதற்குள் போயிருந்தது.

“தங்கம்மா, நானா எடுத்தேன்?” என்றார். “கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது. ஒரு நாளைக்கு ஒரு பேருதான் எடுக்கும். கொழும்புல கேட்டாச்சு, ஏலாதுன்னுட்டாங்க.”

“கான் வெட்டுன கதைய அந்த மெசினுக்கு யாராச்சும் சொன்னீங்களா ஐயா?”

“அதுக்கு எப்பிடிம்மா கத சொல்றது? பூச நடக்கத்தானே போகுது. வந்து நில்லுங்க. யாரு செஞ்சாங்கன்னு சாமிக்குத் தெரியாதா?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாமிக்குத் தெரியும் என்பது தங்கம்மா சொல்லவேண்டிய வார்த்தை. பெயரை எடுத்தவர் அதைச் சொல்லக்கூடாது. சாமிக்கு வர்த்தகர்களையும்தான் தெரியும். அவர்கள் பெயரை மட்டும் எதற்குப் பெரிய எழுத்தில் அச்சடித்தார்கள்? இதைக் கேட்க எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. பூக்காரி கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று நின்றேன். அந்தக் கோபம் என்மேலும் உண்டு.

அந்த வாரமே சுதர்ஷன் ஐயா சிவநந்தினியையும் கூப்பிட்டிருந்தார். அது வேறு விஷயம். கோயிலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பதிவு நம்பர் உண்டு. அந்த நம்பரைச் சொன்னால் குடும்பத்தை எடுத்துக் காட்டப் புரோகிராமுக்குத் தெரியவில்லை. அர்ச்சனைச் சீட்டு எடுக்க வந்த கடைக்காரர்கள் வரிசையில் நின்று சலித்துவிட்டார்கள். “நம்பர் போட்டா ஆள் வரணும் தங்கச்சி. கொழும்புல முடியாதுங்கிறாங்க. நீ பாரேன்” என்று கேட்டாராம்.

வெள்ளிக்கிழமை துளசி எடுக்க வந்தவளிடம் தங்கம்மாவின் நோட்டீஸ் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள் துளசியைக் கீழே வைத்தாள்.

“அக்கா, ரெண்டும் ஒரே நோய். ஒரு அலுமாரி இருக்குன்னு வைங்க. அதுக்குப் பேரு திருவிழா. நாங்க அத கிளாஸ்னு சொல்லுவோம். அந்த அலுமாரிக்கு முன்னால ஒரு ஓட்டை. நம்பர் எழுதின துண்ட உள்ள போட்டா, ஒரு பேரு வெளிய வரும். ஏழுன்னு போட்டா வர்த்தகர்கள். அந்த ஓட்டைதான் இன்டெக்ஸர்.”

“சரி, பதிவு நம்பர் போட இன்னொரு ஓட்டை வெட்டிக்கிறது.”

“அதத்தான் விடாது. ஓட்டைக்குன்னு தனியா பேரு வைக்க ஏலாது. ரெண்டு ஓட்டையும் நம்பர்தான் வாங்கும்னா, ஏழுன்னு போட்டது ஏழாம் நாளுக்கா, ஏழாம் நம்பர் குடும்பத்துக்கான்னு அதுக்கு எப்பிடித் தெரியும்? அதனால ஒரே மாதிரி துண்டு வாங்குற ஓட்டை ஒண்ணுக்கு மேல கூடாதுன்னு அந்த மொழியிலயே சட்டம்.”

“பேரு வச்ச ஓட்டையே கெடையாதா?”

“பேரு வச்சது ஒண்ணு இருக்கு. ப்ராப்பர்ட்டி. ஆனா அதுல துண்டு போட எடமில்ல. பேரச் சொல்லிக் கூப்பிட்டா, தன்கிட்ட இருக்கிறதக் குடுக்கும். ‘உபயகாரர்’னு கேட்டா ஒரு பேரக் குடுக்கும். காலைக்கா பின்னேரத்துக்கான்னு சொல்லிக் கேக்க வழியில்ல.”

நான் மரிக்கொழுந்தைப் பிரித்துக்கொண்டே யோசித்தேன். “அப்ப செக்ரட்டரி சொன்னது நெசந்தானா?”

“அலுமாரியப் பத்தி சொன்னது நெசம். ஏலாதுன்னு சொன்னதுதான் பொய். கொழும்புல பெரிய கோயில்ல ஒரு நாளைக்கு ஒரு உபயம். அத வச்சு செஞ்சிட்டாங்க. அது பிழை இல்ல. எங்க கோயில்ல ஏழாம் நாள் ரெண்டுன்னு யாரும் சொல்லல. அதுதான் பிழை.”

பிறகு என் பூக்கூடையை இழுத்து வைத்து, பூ வைக்கிற டப்பாக்களை அதன் பக்கத்தில் அடுக்கிக் காட்டினாள்.

“இப்ப பாருங்க. பேரச் சொல்லிக் கூப்பிட்டா, அது பேரக் குடுக்காம, மேசையில இழுத்துத் தொறப்போமே, அப்பிடி ஒரு லாச்சியக் குடுக்கட்டும். லாச்சி ஒரு குட்டி அலுமாரி. அதுக்குன்னு சொந்தமா ஒரு ஓட்டை இருக்கலாந்தானே? ‘நாட்கள்’னு கேட்டா இந்த லாச்சி. ‘குடும்பங்கள்’னு கேட்டா அந்த லாச்சி. ரெண்டுலயும் நம்பர் போடலாம். ஒண்ணுக்கொண்ணு சண்ட வராது.”

“அப்ப பின்னேரம்?”

“நாட்கள் லாச்சியில ஏழு போட்டா, பேரு வராது. ஏழாம் நாள்ங்கிற இன்னொரு குட்டி லாச்சி வரும். அதுல ‘காலை’ன்னு போட்டா வர்த்தகர்கள். ‘பின்னேரம்’னு போட்டா…”

“தங்கம்மா வீட்டார்.”

“அவ்வளவுதான்.”

“கொழும்பு அலுமாரிய ஒடைக்கணுமா?”

“ஒடைக்க ஏலாது, பூட்டித்தான் குடுத்திருக்காங்க. அத அப்பிடியே தூக்கி என்னோட அலுமாரிக்குள்ள வச்சிர்றேன். வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு என்னோடதுதான் தெரியும்.”

“எத்தன மாசம் எடுக்கும்?”

அவள் சிரித்தாள். “ரெண்டு பின்னேரம் அக்கா.”

இரண்டு பின்னேரம். ஒரு குடும்பத்தின் பெயரை மூன்று தலைமுறைக்குப் பிறகு ‘மற்றும்’ ஆக்கினார்கள். அதைத் திருத்த இரண்டு பின்னேரம்தான். யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடைக்காரர் வரிசையில் பத்து நிமிஷம் நின்றதற்கு மட்டும் ஆள் விட்டுத் தேடினார்கள்.

தங்கம்மா வீட்டார் பெயருக்கு அத்தாட்சி வேண்டும் என்பார்கள் என்று சிவநந்தினிக்குத் தெரியும். கொப்பிகள் பூஞ்சணத்தில் போய்விட்டன. அவள் நேரே நுஹ்மான் நானாவின் அச்சகத்துக்குப் போனாள். எங்கள் கோயில் நோட்டீஸ் அவர் வாப்பா காலத்திலிருந்து அங்கேதான் அச்சாகிறது. நானும் கூடப் போயிருந்தேன்.

“நான் அப்பவே கேட்டேன் மகள்,” என்றார் நுஹ்மான் நானா. “போன வருஷம் ரெண்டு வரி, இந்த வருஷம் ஒரு வரி. என்னா விட்டுப்போச்சான்னு கேட்டேன். ‘நீங்க அச்சடிங்க நானா, கடவுள நாங்க பாத்துக்கிறோம்’ங்கிறார் உங்கட செக்ரட்டரி.”

“பழைய நோட்டீஸ் இருக்குமா நானா?”

“இருக்குமாவா? எங்கட வாப்பா கடதாசி ஒண்டயும் வீச மாட்டார். அவர்ட பழக்கம் எனக்கும் ஒட்டீக்குது. ஊட்டுல பொஞ்சாதி ஏசுறா.” அலுமாரிக்கு மேலேயிருந்து ஒரு கட்டை இறக்கித் தூசி தட்டினார். இருபத்திரண்டு வருஷ நோட்டீஸ். எல்லாவற்றிலும் ஏழாம் நாளுக்கு இரண்டு வரி. இரண்டாவது வரியில் முதலில் வேலு குடும்பத்தார், பிறகு தங்கம்மா குடும்பத்தார். “கொண்டு போ மகள். ஆனா திருப்பித் தரோணும். இத வச்சுத்தான் நான் அவளுக்கு முன்னால நிமிந்து நிக்கிறது.”

திருவிழாக் கொடி ஏறுவதற்கு முந்திய ஞாயிறு, கோயில் சபைக் கூட்டத்தில் சிவநந்தினி புரோகிராமைப் போட்டுக் காட்டினாள். நான் பூசைக்குப் பூக்கொடுக்கிற சாட்டில் வாசலில் நின்றேன். பதிவு நம்பரைப் போட்டாள், குடும்பம் வந்தது. கடைக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். பிறகு ஏழாம் நாளை அச்செடுக்கச் சொன்னாள். மெசின் மறுத்தது. ‘ஏழாம் நாள், பின்னேரம்: பெயர் இல்லை’ என்று திரையில் சிவப்பில் எழுதிக் காட்டியது.

“இது என்ன புதுசா?” என்றார் சுதர்ஷன்.

“புதுசு இல்ல அண்ணே. முந்தி எடமே இல்ல, அதனால வெறுமையா கெடக்கிறது யாருக்கும் தெரியல. இப்ப எடம் இருக்கு. பேரப் போட்டாத்தான் அச்செடுக்கும்.”

“பதிவு நம்பர் வேலைய மட்டும் வச்சுக்கிட்டு, இத எடுத்துற ஏலாதா?”

“எடுக்கலாம் அண்ணே. நான் எடுக்க மாட்டேன்.”

அவள் இருபத்திரண்டு நோட்டீஸையும் மேசையில் வைத்தாள். வயதான இரண்டு வர்த்தகர்கள் எடுத்துப் பார்த்து, ஆமாம், எங்கள் அப்பா காலத்திலேயே கொடுத்ததுதான் என்றார்கள். சுதர்ஷனும் தலையாட்டினார். எல்லோர் முன்னாலும் அந்த இடத்தில் ‘தங்கம்மா குடும்பத்தார்’ என்று சிவநந்தினி எழுதினாள். நோட்டீஸ் ஏற்கெனவே ஊரெல்லாம் போய்விட்டதால் அதை மாற்ற முடியாது. ஆனால் குருக்கள் கையில் கொடுக்கிற அன்றன்றைய சீட்டில் பெயர் வரும் என்று முடிவானது. நான் ஓடிப்போய்த் தங்கம்மாவிடம் சொன்னேன். “கூப்பிட்டா போதும். நோட்டீஸ யாரு வருஷம் பூரா வச்சிருக்கப் போறா?” என்றார். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏழாம் நாள் காலை, அலுவலகக் கதவில் அன்றைய சீட்டு ஒட்டியிருந்தது. காலை: கடைவீதி வர்த்தகர்கள். பின்னேரம்: கடைவீதி வர்த்தகர்கள்.

நான் இரண்டு தடவை வாசித்தேன். காலைப் பூசையில் சுதர்ஷன் தானே வர்த்தகர்கள் சார்பில் மாலை வாங்கி, காளாஞ்சித் தட்டோடு படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அலுவலகம் பூட்டு. சாவி அவரிடம். சிவநந்தினி அவருக்கு டெலிபோன் எடுத்தாள். “பெறகு பாத்துக்கலாம் தங்கச்சி, கடையில சனம்” என்று வைத்துவிட்டார்.

அவள் என் கடையில் வந்து உட்கார்ந்தாள்.

“என் பிழைதான் அக்கா. லாச்சிக்கு ரெண்டு வாசல் வைப்போம். ஒண்ணு வாசிக்க, ஒண்ணு எழுத. எழுதுற வாசல தொறந்தே வச்சிட்டேன். பேர்ல யாராவது பிழை கண்டா, என்னத் தேடாம அவங்களே திருத்தட்டும்னு. ஒரு மரியாதைக்கு வச்சது.”

“உன் பிழையா? வாசல் தொறந்திருந்தா வீட்டுக்குள்ள வந்து சாமானத் தூக்கிட்டுப் போகலாமா? அதையும் உன் தலையிலயா போட்டுக்குவ?”

நான் யாரிடமும் இப்படிப் பேசியதில்லை. விரதநாள் வேறு. பேசிவிட்டேன். இதுவரை அந்த மனுஷனுக்கு ஒரு சாட்டு இருந்தது. கம்ப்யூட்டர் எடுக்காது என்று சொன்னார், எடுக்க வைத்தோம். இடம் இல்லை என்றார்; இடம் வைத்தோம். அதற்குப் பிறகும் தன் கையாலேயே ஒரு பெயரை அழித்து, அந்த இடத்தில் தன் சங்கத்தின் பெயரை எழுதியிருக்கிறார் என்றால், ஆதியிலிருந்தே தடுத்தது மெசின் இல்லை.

பின்னேரம் ஆறு மணிக்குத் தங்கம்மா வந்தார். மகன், மருமகள், நகர சபைக் குடியிருப்பு ஆட்கள், இருபது பேர் இருக்கும். துலக்கிய குத்துவிளக்கு, பெரிய சட்டியில் அவித்த கடலை. சீட்டைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. செவ்வரளி மாலையை மட்டும் கையில் கொடுத்தேன்.

பூசை முடிந்தது. குருக்கள் ஐயா கண்ணாடியைப் போட்டுச் சீட்டைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். பிறகு கூப்பிட்டார்.

“ஏழாம் நாள் பின்னேர உபயம், கடைவீதி வர்த்தகர்கள்.”

தங்கம்மா ஒரு அடி எடுத்து வைத்தவர், அப்படியே நின்றார். மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். குருக்கள் இரண்டாம் தடவை கூப்பிட்டார். கடைவீதிக்காரர்கள் யாரும் அங்கே இல்லை. அது வியாபார நேரம். மூன்றாம் தடவை கூப்பிடும்போது, வெளியிலிருந்து சுதர்ஷன் அவசரமாக வந்து, சட்டையைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு முன்னால் போனார்.

“காலையில வாங்கினீங்களே அண்ணே,” என்றாள் சிவநந்தினி. சத்தமாக இல்லை. ஆனால் மணியோசை நின்ற நேரம், எல்லோருக்கும் கேட்டது.

அவர் திரும்பினார். “சீட்டுல வந்ததத்தான் ஐயா கூப்பிடுறாரு. கம்ப்யூட்டர்ல அப்பிடித்தான் இருக்கு.”

“அதுல தங்கம்மா வீட்டார்னு உங்க எல்லாருக்கும் முன்னாலதான் எழுதினேன். யாரோ மாத்தியிருக்காங்க. அது தானா எந்திரிச்சு வந்து மாத்தாது அண்ணே, அதுக்குக் கையில்ல.”

“கோயிலுக்குள்ள நின்னு இப்பிடியா பேசுறது?”

“கோயிலுக்குள்ள செஞ்சத வேற எங்க போயி பேசுறது?”

குருக்கள் ஐயா சீட்டை மடித்தார். வயதானவர், உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

“வர்த்தகர் சார்பில பின்னேரத்துக்கு விளக்கு யார் கொண்டுவந்தீங்க?” என்றார்.

சுதர்ஷன் சட்டையை மறு கைக்கு மாற்றினார்.

“நைவேத்தியம்?”

அதையும் அவர்கள் கொண்டுவரவில்லை. குருக்கள் பின்வரிசையைப் பார்த்தார். “தங்கம்மா, வெளக்கு கொண்டுவந்திருக்கியா?”

“கொண்டாந்திருக்கேன் சாமி.”

“கடலை?”

“அவிச்சிருக்கேன் சாமி.”

“அப்ப சீட்டு எதுக்கு,” என்று சொல்லி அதை ஆடையில் செருகிக்கொண்டார். பிறகு நேராக நின்று, ஒரு குறையும் இல்லாமல், “ஏழாம் நாள் பின்னேர உபயம், தங்கம்மா குடும்பத்தார்” என்று கூப்பிட்டார். தங்கம்மா அசையவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார். அப்போதும் அசையவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது, கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று. மூன்றாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் நடந்து போனார். பிறகு ஏன் அப்படி நின்றீர்கள் என்று கேட்டேன். “மூணு தடவையும் கேக்கணும்னு நின்னேன் புள்ள. வருஷத்துக்கு ஒருக்காதானே” என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பத்தாம் நாள் தீர்த்தம் முடிந்து, நன்றி சொல்கிற நேரத்தில், சுதர்ஷன் மைக்கைப் பிடித்தார். பந்தல் போட்டவர், தண்ணீர்ப் பந்தல் வைத்தவர் எல்லோருக்கும் நன்றி சொன்னார். கடைசியில், “ஏழாம் நாள் உபயத்தில், கம்ப்யூட்டரில் ஏற்பட்ட கோளாறினால் ஒரு சிறு குழப்பம் நேர்ந்தது. அது இப்போது திருத்தப்பட்டுவிட்டது” என்றார். சனம் கைதட்டியது. சிவநந்தினியின் பெயர் வரவில்லை. தங்கம்மாவின் பெயரும் வரவில்லை. சிவநந்தினி எழுதிக் கொடுத்த இரண்டு பின்னேரத்து வேலை ‘கோளாறு’ ஆகிவிட்டது. பழி விழுந்தது, திருப்பிப் பேசத் தெரியாத ஒரு பெட்டியின் மேல்.

அது மட்டுமா? சோமசுந்தரம் அண்ணனை வீதியில் மறித்து, “மக கோயில்ல நின்னு சத்தம் போடுது. நாளைக்கு ஒரு எடத்துல கட்டிக் குடுக்கணுமே, பாத்துக்குங்க” என்று அக்கறைபோலச் சொல்லியிருக்கிறார். அண்ணன் லொறியிலிருந்து இறங்கவே இல்லையாம். “ஏத்துன மூட்டைய யாரோ மாத்திப் போட்டா, சத்தம் வரத்தான் செய்யும் ஐயா” என்று சொல்லிவிட்டுக் கியரைப் போட்டாராம். இதையும் இப்போது என்னிடம் நூறு தடவை சொல்லியாகிவிட்டது.

சிவநந்தினி அதற்குப் பிறகும் புரோகிராமைக் கைவிடவில்லை. எழுதுகிற வாசலை மட்டும் மாற்றிவிட்டாள். இடம் வெறுமையாக இருந்தால் எழுதலாம். எழுதியதன்மேல் எழுத விடாது. ஒரு குடும்பத்தைப் பட்டியலிலிருந்து எடுக்கவேண்டும் என்றால், அந்தக் குடும்பத்து ஆளே வந்து பதிவு நம்பரும் தங்கள் ரகசிய எண்ணும் போடவேண்டும். “மரியாதை போதாது அக்கா, பூட்டும் வேணும்” என்றாள். நுஹ்மான் நானாவின் நோட்டீஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இந்த வருஷ நோட்டீஸ் போன கிழமை அங்கிருந்துதான் வந்தது. ஏழாம் நாளுக்கு இரண்டு வரி. தங்கம்மா வந்து விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, செவ்வரளிக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை துளசி எடுக்க வந்தவளிடம் கேட்டேன்.

“கம்ப்யூட்டர் கோளாறுன்னு மைக்ல சொன்னாரே. அது பொய்னு இந்தத் திருவிழாவிலயாவது சொல்லச் சொல்லக் கூடாதா?”

“விடுங்க அக்கா,” என்றாள், வாயில் ஒரு துளசி இலையைப் போட்டுக்கொண்டு. “கம்ப்யூட்டருக்குக் கோவம் வராது.”

“எனக்கு வருதே,” என்றேன்.